கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள்

(ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இலக்கியம் முழங்கிய மேடையில் மோட்டார் வண்டியைப் பற்றிப் பேச என்னை நிறுத்தியிருக்கிறார்கள். நான் பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வேயில் குமாஸ்தாவாகக் காலந்தள்ளுபவன், எஞ்சினியர் அல்லன். ஆயினும், சென்ற ஆண்டு மூன்று வரிசை இருக்கையுள்ள குடும்பக் கார் ஒன்றைக் கடன்பட்டு வாங்கினேன். அதுமுதல் நம் காலனியில் பலர் என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். தனித்தனியே சொன்னதை இங்கே ஒருசேரச் சொல்லுகிறேன்.

இரயில்வேக்காரனுக்குக் கார் எதற்கு என்று சிலர் சிரிக்கலாம். கோடை விடுமுறையில் பாஸ் கைக்கு வந்துவிடும். பெர்த் கிடைப்பதுதான் அரிது. நம் நாக்பூர் வழியே செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையோ ஐதராபாத், பெங்களூர், சேலம், மதுரை வழியாகக் கன்னியாகுமரி வரை போகிறது. தாய், மனைவி, மக்கள், தங்கை குடும்பம் என்று எழுவர் புறப்பட்டால் மூன்று வரிசை தேவைப்படத்தானே செய்யும்?

எந்தக் கார் என்பதை நாம் ஒருவாறு முடிவு செய்துவிடுகிறோம். அதில் எந்த ‘வேரியன்ட்’, அதாவது எந்தப் படி என்பதில்தான் தடுமாறுகிறோம். 2021இல் வெளிவந்த மஹிந்திரா எக்ஸ்.யு.வி.700க்கு எம்.எக்ஸ்., ஏ.எக்ஸ்.3, ஏ.எக்ஸ்.5, ஏ.எக்ஸ்.7 என்று படிகள் வைத்தார்கள். 2023இல் புதுப்பிக்கப்பட்ட டாடா சஃபாரிக்கு ஸ்மார்ட், பியூர், அட்வெஞ்சர், அக்கம்ப்ளிஷ்டு என்று பெயரிட்டார்கள். பெயரைக் கேட்டு, உள்ளே இருப்பது இன்னதென்று யாரால் அறியமுடியும்?

நம் இரயிலிலும் ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி., இரண்டடுக்கு ஏ.சி. என்று வகுப்புகள் உண்டு. மெத்தையும் போர்வையும் வேறுபடும், பிரேக் வேறுபடுவதில்லை. டிரைவர் பிரேக் பிடித்தால் எல்லாப் பெட்டிகளும் ஒருங்கே நிற்கும். காரில் அப்படியன்று. சில பாதுகாப்புகள் எல்லாப் படிகளுக்கும் பொது. வேறு சிலவற்றை மேற்படிக்குப் போனால்தான் பெறமுடியும்.

ஏ.பி.எஸ். பிரேக்கும், முன்னிருக்கை இரண்டுக்கும் காற்றுப்பைகளும் புதிய கார்களில் இருந்தே தீரவேண்டும் என்பது சட்டம். ஆறு காற்றுப்பைகளைக் கட்டாயமாக்க 2022 ஜனவரியில் ஒரு வரைவு வெளியாயிற்று. ஆனால் அது கட்டாயமாகாது என்று 2023இல் அமைச்சர் நிதின் கட்கரி தெரிவித்தார். கியா காரென்ஸ் போன்ற சில வண்டிகள் எல்லாப் படிகளிலும் ஆறு பைகளுடன் வந்தன. எல்லா வண்டிகளும் அப்படி வரவில்லை. ஆகவே படிவாரியாகப் பார்த்துக்கொள்வது வாங்குபவர் பொறுப்பாகிறது.

அதற்காக, கீழ்ப்படி என்றாலே ஆபத்து என்று அஞ்சவும் வேண்டாம். 2021இல் குளோபல் என்.சி.ஏ.பி. என்ற அமைப்பு எக்ஸ்.யு.வி.700ஐ மோதவிட்டுச் சோதித்தபோது, இரண்டே காற்றுப்பைகள் உள்ள அடிப்படியைத்தான் எடுத்துக்கொண்டது. பெரியவர்கள் பாதுகாப்பில் அதற்கு ஐந்து நட்சத்திரங்கள் கிடைத்தன. வண்டியின் உறுதியான கூடு எந்தப் படியிலும் மாறுவதில்லை என்பதை இதனால் அறியலாம்.

இனி என் அனுபவத்துக்கு வருகிறேன். ஒரு கம்பெனியின் மேற்படியும் மற்றொரு கம்பெனியின் நடுப்படியும் ஏறக்குறைய ஒரே விலையில் இருந்தன. முதலாவதில் கூரை திறக்கும் சன்ரூஃப், அகன்ற திரை. விற்பனையாளர் பொத்தானை அழுத்திக் கூரையைத் திறந்தார், குழந்தைகள் கைதட்டினார்கள். நான் முன்பணம் கட்டப் பேனாவை எடுத்துவிட்டேன். அப்பொழுது என் தாயார், “கடைசியிலே யாரப்பா உட்காரப் போகிறார்கள்? நீ ஒருதரம் ஏறி உட்கார்ந்து பாரேன்” என்றார்கள்.

ஏறினேன். முழங்கால் மார்பில் இடித்தது. தலைக்குப் பின்னே தாங்கு இல்லை. குளிர்காற்று வரத் துவாரமும் இல்லை. மே மாதத்து நாக்பூர் வெயிலில் என் மகளை இங்கே உட்கார வைத்து 1,500 கிலோமீட்டர் போவதா? பேனாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அன்றிலிருந்து நான் கண்ட விதி ஒன்றே. முன்னிருக்கையில் அமர்ந்து படியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கடைசி வரிசையில் அமர்ந்து தேர்ந்தெடுங்கள். அங்கே ஐந்து கேள்விகள் கேளுங்கள். ஒவ்வொருவருக்கும் தோளையும் இடுப்பையும் பிடிக்கும் சீட் பெல்ட் உண்டா? தலைத்தாங்கு உண்டா? ஏ.சி. துவாரம் உண்டா? பக்கவாட்டில் திரைபோல் விரியும் காற்றுப்பை அவ்விடம் வரை எட்டுமா? பெரியவர்கள் சிரமமின்றி ஏறி இறங்க வழி உண்டா?

பின்னர், பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். திரை, சீட் உறை, பின்புறக் காமிரா, அலங்காரச் சக்கரம் ஆகியவற்றைப் பிற்பாடு சேர்த்துக்கொள்ளலாம். காற்றுப்பை, வண்டி சறுக்காமல் காக்கும் ஏற்பாடு, பின்வரிசைக் குளிர்காற்று ஆகியவற்றைப் பின்னால் சேர்க்க இயலாது. சேர்க்க இயலாதவற்றுக்கு முதலில் பணம் கொடுங்கள். சன்ரூஃப் வழியே குழந்தைகள் தலை நீட்டி நிற்பது எத்தகைய ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

குமாஸ்தா அல்லவா, கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மேற்படிக்காக ஒரு இலட்சம் ரூபாய் கூடுதலாகக் கடன் வாங்கினால், 9 சதவீத வட்டியில் ஏழு ஆண்டுகளுக்கு மாதம் சுமார் 1,609 ரூபாய். மொத்தம் ஏறக்குறைய 1,35,000 ரூபாய். விலை ஏறினால் பதிவு வரியும் இன்ஷூரன்ஸும் கூடவே ஏறும். அந்தத் தொகை பிள்ளைகளின் உயிர்க்காப்புக்கா, கூரையில் தெரியும் வானத்துக்கா என்று வீட்டார் கூடி முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. எந்தப் படியை வாங்கினாலும் பின்னிருப்பவர் பட்டை அணியாவிட்டால் பயனில்லை. 2022 செப்டம்பர் 4ஆம் நாள் பால்கர் மாவட்டத்தில் நேர்ந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்தார். அவர் விலையுயர்ந்த காரில்தான் பயணம் செய்தார். பின்னிருக்கையில் இருந்த அவர் சீட் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று போலீசார் தெரிவித்தார்கள்.

நாங்கள் அந்த நடுப்படியையே வாங்கினோம். சன்ரூஃப் இல்லையென்று குழந்தைகள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. கோடையில் ஊருக்குப் போனபோது, ஐதராபாத் தாண்டும் முன்பே கடைசி வரிசையில் பட்டையணிந்தபடி உறங்கிவிட்டார்கள். நடுவரிசையிலிருந்து திரும்பிப் பார்த்த என் தாயார் ஒன்றும் சொல்லவில்லை. என் தோளை ஒருமுறை தட்டினார்கள்.

இரயிலில் மூன்றாம் வகுப்பை 1974இல் எடுத்துவிட்டார்கள். நம் வீட்டுக் காருக்குள் அதை மறுபடியும் குடியேற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, என் சிற்றுரையை முடித்துக்கொள்கிறேன்.