தாம்பரம் லோக்கலில் இத்தாலியன் பாடம்

தாம்பரம் ஸ்டேஷன், கிறித்தவக் கல்லூரி, விமானப்படைத் தளம், அந்தப் பக்கம் வண்டலூர்ப் புலி எல்லாம் உங்களுக்கே தெரியும். இன்றைக்கு நாம் மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைக்குப் போகிறோம். பூக்கடை, பாத்திரக்கடை, நடுவே ஹாரன் அடித்துக்கொண்டு நுழைகிற ஸ்கூட்டர். சாயங்காலமானால் வாழைக்காய் பஜ்ஜி, எண்ணெய் ஊறிய பேப்பரோடு கைக்கு வரும்.

பஜ்ஜி என்றால் எங்கள் சித்தப்பாதான். ரெண்டு பஜ்ஜி வாங்கிக்கொண்டுதான் பீச் வண்டியில் ஏறுவார். 2022 மே மாதம் தேவசகாயம் பிள்ளைக்கு ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தார்களே, அதற்குப் போன கூட்டத்தில் அவரும் ஒருவர். போவதற்கு முன்னால் தினமும் ரயிலில் இத்தாலியன் படித்தார். ஸ்டேஷனுக்கு ஒரு வாக்கியம்.

சானடோரியத்தில் 'புவோனசேரா', மாலை வணக்கம். குரோம்பேட்டையில் 'ஓ ஊனா ப்ரெனொதத்ஸியோனே', ரூம் புக் பண்ணியிருக்கிறேன். பல்லாவரத்தில் 'லா கியாவே, பெர் ஃபவோரே', சாவி கொடுங்கள். திரிசூலத்தில் 'ஆ கே ஓரா ஏ லா கொலத்ஸியோனே?', காலை டிபன் எத்தனை மணிக்கு? மீனம்பாக்கத்தில் 'சே லாக்குவா கால்தா?', சுடுதண்ணீர் வருமா? எதிர் சீட்டில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா இதைக் கேட்டுக் கேட்டே மனப்பாடம் பண்ணிவிட்டார். பரங்கிமலை வந்தால் பாடம் நின்றுவிடும். மலையைப் பார்த்துச் சிலுவை போட வேண்டுமே.

"இந்த வயசில் எதற்கு?" என்று கேட்டால், வீரமாமுனிவரை இழுப்பார். "1680-இல் இத்தாலியில் பிறந்த மனுஷன், நம்ம ஊருக்கு வந்து நாம் பேசுகிற தமிழுக்கு 1728-இல் லத்தீனில் இலக்கணமே எழுதிவிட்டார். பதிலுக்கு நான் பத்து வாக்கியம் படிக்கக் கூடாதா?" இதற்கு யார் என்ன சொல்ல முடியும்!

ரோமில் அவர் சொன்னது அவ்வளவும் ஓட்டல் கவுண்டரில் இருந்த பெண்ணுக்குப் புரிந்ததாம். அந்தப் பெண் மடமடவென்று இத்தாலியனிலேயே பதில் சொன்னபோதுதான் சித்தப்பா முழித்தார். அதனால் நேயர்களே, முதலில் படிக்க வேண்டியது 'பியூ லென்தமென்தே, பெர் ஃபவோரே', கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்.

அந்தக் கவுண்டரில் பாஸ்போர்ட் கேட்டால் பதற வேண்டாம். தங்க வருகிறவர் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். நம்ம ஜி.எஸ்.டி. ரோடு லாட்ஜில் ஒரு வெளிநாட்டுக்காரர் வந்து தங்கினாலும் அதே 24 மணி நேரக் கெடுதான். 2025 வரை அதற்கு 'சி' ஃபாரம் என்று பெயர்.

அட, சண்முகம் சாலையைப் பாதியில் விட்டுவிட்டேன். பரவாயில்லை, பஜ்ஜிக்கடை எங்கேயும் போய்விடாது. ரோமுக்குப் போகிறவர்கள் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: அங்கே அறை வாடகைக்கு மேல் ஆளுக்கு இவ்வளவு, ராத்திரிக்கு இவ்வளவு என்று நகர வரி தனியாக உண்டு. அதற்குக் கையில் கொஞ்சம் யூரோ வைத்திருங்கள்.