நவநாள்: காத்திருப்பின் ஒழுங்கு

ஒரே கருத்துக்காக ஒன்பது நாள் தொடர்ந்து செய்யப்படும் செபத்தைத் தமிழ்க் கத்தோலிக்கர் நவநாள் என்பர். இயேசு விண்ணேறிய பின், பெந்தெகொஸ்தே நாளில் தூய ஆவியார் இறங்கி வரும்வரை, சீடர்கள் எருசலேமின் மேலறையில் கூடிச் செபித்திருந்த இடைக்காலமே இதன் முன்மாதிரி என்பது திருச்சபை மரபு. ஆண்டவர் கண்ணுக்கு மறைந்துவிட, வாக்களிக்கப்பட்ட துணையாளர் இன்னும் வந்துசேராத அந்த நாட்களில், அவர்களுக்கு எஞ்சியிருந்தது ஒருவரையொருவர் பிரியாமல் செபிப்பது ஒன்றே.

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் இவ்வழக்கம் மிகச் செழித்திருப்பது, ஜார்ஜ்டவுனிலிருந்து கடலைக் கடந்து சென்றடையும் புக்கிட் மெர்தாஜாமின் புனித அன்னம்மாள் ஆலயத்திலாகும். ஜூலை 26இல் வரும் திருநாளையொட்டி, தமிழ், சீனம், மலாய், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் திருப்பலிகள் நடக்க, இலட்சத்துக்கு மேற்பட்டோர் திரளுகின்றனர். மெழுகுவர்த்தி ஏந்திய பவனியில் பிற சமயத்தவரும் இணைந்து நடப்பது இத்திருவிழாவின் தனிச்சிறப்பு. மரியாவின் தாயான அன்னம்மாளின் பெயர் திருவிவிலியத்தில் இல்லை. நெடுங்காலம் பிள்ளையின்றிக் காத்திருந்தவர் என அவரைக் காட்டுவது, இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் யாக்கோபு முதல் நற்செய்தி என்னும் புறநூல். காத்திருப்போர் அவரை நாடுவதில் எத்துணைப் பொருத்தம்!

அந்த ஆலயமே காத்திருந்த வரலாறும் உண்டு. மலாயாவில் 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், 1888இல் எழுந்த பழைய ஆலயத்தின் சுற்றுப்புறம் கருப்புப் பகுதியாக, அதாவது கம்யூனிஸ்ட் ஆயுதக் குழுவினரின் நடமாட்டம் கருதிக் கடுங்கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட இடமாக அறிவிக்கப்பட்டதால், வழிபாடு 1957இல் கட்டப்பட்ட வேறோர் ஆலயத்துக்கு மாறியது.

ஜார்ஜ்டவுனுக்கு வேறுவகைப் பெயர்ச்சி நேர்ந்தது. 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் முற்றாக நீங்கியதும், பழைய கடைவீடுகளில் தலைமுறைகளாகக் குடியிருந்த பல குடும்பங்கள் நகரை விட்டு அகன்றன. வீடு மாறும்போது பங்கும், அதாவது ஓர் ஆலயத்தைச் சார்ந்து வாழும் நம்பிக்கையாளர் சமூகமும், மாறிவிடுகிறது. முகவரி மாறியவருக்கும் ஆண்டுதோறும் மாறாமல் வரும் ஒன்பது நாட்கள் பெரும் ஆறுதல்.

நவநாளை வரத்துக்கான விலையாகக் கருதுவோர் அதன் அருமையை இழக்கின்றனர். அது தருவது அமைதி; அமைதியைக் குறிக்கும் ஷாலோம் என்ற எபிரேயச் சொல் சண்டையின்மையை மட்டுமன்றி முழுமையையும் உணர்த்துவது. வேலையோ வீடோ உறுதிப்படாத ஒருவர், பத்தாம் நாள் காலையில் அதே கேள்வியோடு எழுந்தாலும், ஒன்பது மாலைகள் பிறரோடு சேர்ந்து முழந்தாளிட்டவராகவே எழுகிறார்.