கிறிஸ்துமஸ் திருநாளின் சமயப் பொருள்

(தோட்டத் தொழிலாளர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரை)



டிசம்பர் 25ஆம் நாள் நம் நாட்டில் பொது விடுமுறை நாளாகும். அந்நாள் நெருங்கியதும் கோலாலம்பூர்ப் பேரங்காடிகளில் வண்ண விளக்குகளும் நட்சத்திரங்களும் மின்னுவதைக் காண்கிறோம். அவை வெறும் அலங்காரங்களே. அத்திருநாளின் உட்பொருள் யாது? கிறிஸ்தவர் அல்லாதாரும் அதனை ஏன் அறிந்துகொள்ள வேண்டும்? இவ்விரு கேள்விகளையும் இன்று சிந்திப்போமாக.

லூக்கா எழுதிய நற்செய்தி கூறுவது இது. உரோமப் பேரரசின் குடிமக்கள் கணக்கெடுப்புக்காகச் சூசையப்பரும் கருவுற்றிருந்த மரியன்னையும் பெத்லகேம் ஊருக்குச் சென்றனர். அங்குச் சத்திரத்தில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. பிறந்த குழந்தையை மாட்டின் தீவனத் தொட்டியிலே கிடத்தினர். அப்பிறப்பின் செய்தி முதன்முதலாக எட்டியது, வயல்வெளியில் இரவெல்லாம் கண்விழித்து ஆடுகளைக் காத்துக்கொண்டிருந்த இடையர்களுக்கே.

வெயில் ஏறுமுன்தான் பால் நன்றாக வடியும் என்பதால் இருளிலேயே தலைவிளக்குடன் மரம் வெட்டப் புறப்படும் நமக்கு, அவ்விடையர்களின் நிலை விளங்காததன்று. இறைவனே மனிதனாகப் பிறந்தார், அதுவும் எளியோரிடையே எளியவராகப் பிறந்தார் என்பதே கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. கிறிஸ்துமஸ் திருநாளின் உயிர்நாடியும் அதுவே.

இந்நம்பிக்கையை எல்லாச் சமயத்தாரும் ஒரே விதமாக ஏற்பதில்லை. இஸ்லாமியர் ஈசா நபியைப் பெரிதும் போற்றுகின்றனர். திருக்குர்ஆனின் 19ஆம் அத்தியாயம் அவருடைய அன்னையார் மரியத்தின் பெயரையே தாங்கியுள்ளது. ஆயினும், அவரை இறைவனின் தூதராகவே கொள்கின்றனர். திருமால் பல அவதாரங்கள் எடுத்ததாக இந்துக்கள் கூறுவர். கிறிஸ்தவர்களோ இறைவன் ஒரே முறை மனிதனானார் என்பர். “எல்லாம் ஒன்றுதான்” என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால், அது அண்டை வீட்டார் கூறுவதைக் காதில் வாங்காமல் நகர்ந்துவிடுவதற்கு ஒப்பாகும். வேறுபாட்டை அறிந்த பின்னரும் மதிப்பதே உண்மையான மதிப்பு.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் கந்தசுவாமி கோயிலும், பௌத்த மகா விகாரையும், தமிழ் மெதடிஸ்ட் தேவாலயமும் நடந்தே செல்லும் தொலைவில் அமைந்துள்ளன. கிள்ளானில் 1928இல் எழுந்த லூர்து மாதா ஆலயமும், 1892இல் தோன்றிய சுந்தரராஜப் பெருமாள் கோயிலும் ஒரே நகரில் நிலைத்திருக்கின்றன. கிறிஸ்துமஸ் வருவதோ மார்கழி மாதத்தில். ஆலயங்களில் நள்ளிரவு வழிபாடு முடிந்து மக்கள் வீடு திரும்பிய சில மணி நேரத்தில், பள்ளிவாசல்களில் விடியற்காலைத் தொழுகைக்கான அழைப்பு ஒலிக்கிறது. கோயில்களில் மார்கழிப் பாடல்கள் தொடங்குகின்றன.

2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டு மக்களில் 9.1 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். இஸ்லாம் கூட்டரசின் சமயம் என்றும், ஏனைய சமயங்களை அமைதியுடனும் இணக்கத்துடனும் பின்பற்றலாம் என்றும் நம் அரசியல் சட்டத்தின் 3ஆம் பிரிவு கூறுகிறது. 1970இல் அறிவிக்கப்பட்ட ருக்குன் நெகாராவின் முதற்கோட்பாடும் இறைவன் மீது நம்பிக்கை வைத்தல் என்பதே.

எனினும், சட்டம் வீட்டு வாசல் வரையில்தான் வரும். வாசலைத் திறக்க வேண்டியவர்கள் நாமே. அண்ணன் கோயிலுக்கும் தம்பி தேவாலயத்துக்கும் செல்லும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. சமயம் மாறினான் என்பதற்காகத் தம்பி வீட்டுக் கிறிஸ்துமஸுக்கு அண்ணன் போவதில்லை. தம்பியோ தீபாவளியன்று தாய் வீட்டுப் படியை மிதிப்பதில்லை. இடையில் நின்று வருந்துபவள் பெற்ற தாய். முன்பு ஒரே லயத்தில் வாழ்ந்தபோது, பகையிருந்தாலும் காலையில் பிரட்டுக்களத்தில் முகம் பார்த்தே ஆகவேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டுப் பலர் கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த பின்னர், மூடிய கதவு மூடியபடியே இருந்துவிடுகிறது.

ஆகவே, இவ்வாண்டு நாம் சிலவற்றைக் கடைப்பிடிக்கலாம். கிறிஸ்தவ அன்பர் இல்லத்துக்குச் சென்று வாழ்த்துக் கூறுவோம். பலகாரத்தை உண்பதோடு நில்லாமல், இந்நாள் உங்களுக்கு எதனை உணர்த்துகிறது என்றும் கேட்போம். விருந்தளிப்போர், இஸ்லாமிய நண்பருக்கு ஹலால் உணவையும், மார்கழி விரதம் இருப்போருக்கு மரக்கறி உணவையும் தனியே ஆயத்தம் செய்வாராக. வந்தவரைத் தம் சமயத்துக்கு இழுக்க முயல்வதும், வந்த வீட்டின் சமயத்தை எள்ளிப் பேசுவதும் வேண்டா. மதுவில் சம்பளத்தைக் கரைப்பது எந்தச் சமயத்தின் திருநாளுக்கும் பெருமை சேர்க்காது.

அன்று பெத்லகேமில் ஓர் ஏழைக் குடும்பத்துக்குச் சத்திரத்தில் இடமில்லாமற்போயிற்று. உடன்பிறந்தானுக்கும் அண்டை வீட்டானுக்கும் நம் இல்லத்தில் இடமில்லை என்னும் சொல் எழாதிருக்குமாயின், நாம் எச்சமயத்தைச் சார்ந்தவராயினும், இத்திருநாளின் பொருளை ஓரளவேனும் உணர்ந்தவர்கள் ஆவோம்.

கிறிஸ்தவ அன்பர்கள் அனைவருக்கும் நம் உளமார்ந்த கிறிஸ்துமஸ் நல்வாழ்த்துகள்.