எந்தக் கல்லூரி?



திருப்பூர் மண்ணரையில் பிளஸ் டூ முடித்த பெண் இருக்கிற வீடுகளில் இப்போது ஒரே பேச்சுதான். எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரியா, செயின்ட் ஜோசப்பா, குமரன் மகளிர் கல்லூரியா?

ஒரு தகவல் சொல்கிறேன். இந்த மூன்றுமே பாரதியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. எதில் படித்தாலும் பட்டம் ஒரே பல்கலைக்கழகத்துப் பட்டம்தான். அதனால் கல்லூரிப் பெயரை விடுங்கள், பாடப்பிரிவைப் பாருங்கள். மகளுக்குப் பிடித்த பாடம் எங்கே கிடைக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

பனியன் கம்பெனியில் சாம்பிள் பார்க்காமல் ஆர்டர் உறுதியாகுமா? அதேபோல, சேர்ப்பதற்கு முன் ஒரு நாள் மகளோடு நேரில் போய் வாருங்கள். கல்லூரி நேரத்துக்கே பஸ் ஏறுங்கள். ஊத்துக்குளி ரோட்டில் காலை நெரிசல் எவ்வளவு, எத்தனை பஸ் மாற வேண்டும் என்று தெரிந்துவிடும். ஆய்வகத்தைப் பாருங்கள், கழிப்பறையையும் பாருங்கள். அங்கே படிக்கும் பெண்களிடம் நாலு வார்த்தை பேசுங்கள்.

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணா? புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். சேர்ந்ததும் கல்லூரியிலேயே கேட்டு விண்ணப்பியுங்கள்.

மறுபடியும் சொல்கிறேன். பெயரை அல்ல, பாடத்தைப் பாருங்கள். மூன்று வருஷம் படிக்கப் போகிறவள் அவள். அவளைக் கேட்டு முடிவெடுங்கள்.