ஓவியன் நடந்த வழி

(ஓவியர் மாற்கு நினைவாக ஆற்றிய உரை)



நம் நாட்டிலே புலவனுக்குப் பெயர் உண்டு, பொன்னாடையும் உண்டு. ஓவியனுக்கோ பெயர்தானும் இல்லை. நம் கோயில் வாகனங்களுக்கு வண்ணம் தீட்டியவன் யார், திரைச்சீலையிலே தெய்வ உருவங்களை எழுதியவன் யார் என்று கேட்டால், விடை கூறத்தக்கவர் ஊருக்கு ஒருவரேனும் இருப்பரோ என்பது ஐயமே. உபயகாரரின் பெயர் மாத்திரம் கல்லிலே பொறிக்கப்பட்டிருக்கும். இக்குறையை மனத்திற்கொண்டே, குருநகர் ஈன்ற ஓவியர் மாற்கு அவர்களைப் பற்றிப் பேச இன்று எழுந்தோம்.

மாற்கு 1933ஆம் ஆண்டு பிறந்தவர். கொழும்பு அரசினர் நுண்கலைக் கல்லூரியிலே ஓவியம் பயின்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 250 மைல். உத்தியோகத்தை நாடியும் வியாபாரத்தை நாடியும் அவ்வழியே சென்ற நம்மவர் பல்லாயிரவர். மாற்கு நாடிச் சென்றதோ புதிய கண். அக்காலத்திலே, 1943ஆம் ஆண்டு தோன்றிய '43 குழு'வினரின் முயற்சியால் இலங்கை ஓவியம் புத்துயிர் பெற்றிருந்தது. அக்குழுவைச் சேர்ந்த ஜோர்ஜ் கீற் என்பார், அதற்கு முன்னரே, 1939–40இல், பொரளை கோதமி விகாரைச் சுவர்களிலே புத்தர் வரலாற்றைப் புதுமுறையில் எழுதியிருந்தார்.

ஓவியனுக்குப் பயணம் எதற்கு? பிறர் பொருளைக் கவர்ந்து வருவதற்கன்று. தன் பொருளைத் தெளிவாகக் காண்பதற்கே. பிக்காசோ 1907ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்து நூதனசாலையிலே ஆபிரிக்க முகமூடிகளைக் கண்டார். அதன்பின் ஐரோப்பிய ஓவியம் பழைய பாதையில் நிற்கவில்லை. கண்டியிலே பிறந்த கீற், அந்தப் பிக்காசோவின் முறையைக் கற்று, அதன் வழியே கண்ணனையும் இராதையையும் எழுதினார். ஆகவே, தொலைவிற் சென்றவன் தன் வீட்டையே புதிதாகக் காண்கிறான். பழமையை ஆராய்ந்தவனே புதுமையைப் படைக்கிறான்.

மாற்கு கற்றதை மூட்டை கட்டிக் கொழும்பிலே வைத்துவிடவில்லை, யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்தார். கண்டதைக் கண்டபடியே எழுதுவதுதான் ஓவியம் என்று நம்மவர் எண்ணியிருந்த நாளிலே, கோடும் நிறமும் தாமே பேசவல்லன என்று காட்டினார். எஸ். ஆர். கனகசபை அவர்கள் 1938ஆம் ஆண்டு தொடக்கிய வின்சர் ஓவியக் கழகம் இம்மண்ணைப் பண்படுத்தியிருந்தது. அம்மண்ணிலே மாற்கு 1959ஆம் ஆண்டு 'விடுமுறைக்கால ஓவியர் கழக'த்தை நிறுவிச் சித்திரம் பயிற்றினார். ஆண்களும் பெண்களுமாகப் பல மாணவர் அவரிடம் கற்றனர். கமம் செய்வோர் அறிவர்: விளைச்சலில் ஒரு பங்கை விதைக்கென ஒதுக்காதவனுக்கு அடுத்த போகம் இல்லை. மாற்கு விதைநெல்லை ஒதுக்கி வைத்தவர்.

இனி, அவர் மற்றொரு பயணத்தையும் நினைக்க வேண்டும். அது அவர் விரும்பிய பயணமன்று. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள், கொட்டும் மழையிலே, வலிகாமத்து மக்கள் இலட்சக் கணக்கில் வீடுவாசலைத் துறந்து தென்மராட்சியை நோக்கி நடந்தனர். கையில் எடுத்துச் செல்லக்கூடியது எவ்வளவு? குழந்தையைத் தூக்குவதா, கிழவரைத் தாங்குவதா, அரிசியைச் சுமப்பதா? அந்த நெருக்கடியிலே ஓவியத்துக்கு இடமேது! மாற்கு தம் வாழ்நாள் உழைப்பின் பெரும் பகுதியை அந்த இடப்பெயர்விலே இழந்தார். 2000ஆம் ஆண்டு மறைந்தார்.

1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அச்சிட்ட நூலுக்கு எங்கேனும் வேறொரு பிரதி இருக்கலாம், தேடிப் பெறலாம். ஏட்டுச்சுவடியின் நிலையோ வேறு. ஓவியமும் ஏட்டுச்சுவடி போன்றதே; அதற்கு ஒரே பிரதிதான். மாற்குவைச் சிறப்பித்து 1987ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலே வெளிவந்த 'தேடலும் படைப்புலகமும்' என்னும் மலரின் அருமை இப்போதுதான் விளங்குகிறது. இழப்பு நேர்வதற்கு எட்டாண்டு முன்னரே சில அன்பர் கூடி அதனைச் செய்தனர். அவர்கள் செய்திராவிடின், மாற்கு என்னும் பெயர் நம் பிள்ளைகளுக்கு வெறும் பெயராகவே போயிருக்கும்.

தென்னிலங்கையிலிருந்து ஒரு பாடம் கற்போம். மஞ்சுசிறி (1902–1982) என்பார் பௌத்த துறவியாயிருந்தவர்; சாந்திநிகேதனம் சென்று கலையின்பால் ஈர்க்கப்பட்டவர்; 43 குழுவிலும் ஒருவர். அவர் விகாரை விகாரையாக நடந்து, சுவரோவியங்களைத் தம் கையாற் பார்த்தெழுதினார். அச்சுவர்களுள் பல பின்னர் அழிந்தன. அவர் எழுதிய பிரதிகள் நின்றன. 1979ஆம் ஆண்டு அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. அவர் செய்ததை நம் குடாநாட்டுக் கோயில்களுக்குச் செய்தவர் எத்தனை பேர்? கும்பாபிஷேகம் என்றவுடன் பழைய சித்திரத்தின்மேல் எனாமல் பூச்சைப் பூசிவிட்டு, "கோயில் புதிதாயிற்று" என்று மகிழ்கிறோமே! பகைவன் அழித்ததைச் சொல்லி அழுகின்ற நாம், நம் கையால் நாமே அழிப்பதை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

ஆகவே மூன்று வேண்டுகோள் விடுக்கின்றோம். முதலாவது, சட்டத்தரணிகள், வைத்தியர்கள், ஆசிரியர்கள் முதலானோர் வீடுகளில் நம் ஓவியர் எழுதிய படம் ஒன்றேனும் தொங்குமாயின், அதனைப் புகைப்படம் எடுத்து, எழுதியவர் பெயரையும் ஆண்டையும் குறித்து, பொது நூலகத்திடமோ பல்கலைக்கழகத்திடமோ ஒரு பிரதியை ஒப்படையுங்கள். இரண்டாவது, கோயில் தர்மகர்த்தாக்களாக விளங்கும் கமக்காரப் பெருமக்கள், பழைய திரைச்சீலையையும் வாகனத்தையும் அகற்றுமுன், வண்ணம் மாற்றுமுன், அவற்றின் படத்தை எடுத்து வையுங்கள்; எழுதிய கலைஞனின் பெயரைக் கணக்குப் புத்தகத்திலாவது பதியுங்கள். மூன்றாவது, சித்திரம் பயிலும் பிள்ளைகளைக் கந்தரோடைக்கும் யாழ்ப்பாணக் கோட்டைக்கும் நெடுந்தீவுக்கும் அழைத்துச் செல்லுங்கள். வரலாறு நம் வாசலிலேயே கிடக்கிறது. அதைக் கண்ணாற் காணாத பிள்ளை எதை எழுதும்?

இவற்றுக்கு அரசாங்கத்தின் அனுமதி வேண்டியதில்லை, பெரும்பொருளும் வேண்டியதில்லை. மனம் ஒன்றே வேண்டும். மாற்கு விதைநெல்லைத் தந்தார். காப்பதும் விதைப்பதும் நம் கடன்.