வீட்டுக் கணினியில் இசைப்பதிவு: பழுதும் பரிகாரமும்
(ஸ்கந்தபுரத்தில் இளைஞர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



இசையைப் பற்றிப் பேச வருகின்றவர்கள் இராகத்தைப் பற்றியும் தாளத்தைப் பற்றியும் பேசுவது வழக்கம். நாம் இன்று பேச எடுத்துக்கொண்டதோ கம்பியையும் பெட்டியையும் பற்றியது. இது சங்க மேடைக்கு ஏற்ற பொருளா என்று பெரியோர் சிலர் ஐயுறக்கூடும். அதற்கு மறுமொழி சொல்லிவிட்டே மேலே செல்வோம்.

நமது வன்னி நாட்டுக்கென்று பாட்டுச் செல்வம் உண்டு. அரிவு வெட்டுப் பாட்டும், பண்டிப்பள்ளும், குருவிப்பள்ளும், வேலப்பணிக்கன் ஒப்பாரியும், காத்தவராயன் கூத்தின் சிந்துகளும் இம்மண்ணிலே தலைமுறை தலைமுறையாக வாய்வழி வந்தவை. அச்சேறிய பாட்டுக்குச் சொல் உண்டு, மெட்டு இல்லை. மெட்டு பாடுகின்றவரின் தொண்டையில் மாத்திரமே இருக்கின்றது. அந்தத் தொண்டைகளுக்கு இன்று எழுபதும் எண்பதும் வயது. மறுபக்கம், நம் இளைஞர் பலர் வீட்டில் கணினி இருக்கின்றது. இவ்விரண்டையும் ஒரே திண்ணையில் இருத்துவதுதான் நமது நோக்கம். பாட வந்த முதியவரை இருத்தி வைத்துவிட்டு, "மைக் வேலை செய்யவில்லை, பொறுங்கள் ஐயா" என்று ஒரு மணி நேரம் கம்பியோடு போராடினால், அவர் சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார். மறுபடி வருவாரோ மாட்டாரோ, யார் அறிவார்? ஆதலினால் பழுது நீக்கும் கலை இசைப்பணியின் ஒரு பகுதியே.

எடிசன் தம் ஒலிப்பதிவுக் கருவியை 1877இல் ஆக்கினார். அன்று தொட்டு நெடுங்காலம் ஒலிப்பதிவு என்பது பெரிய நிலையங்களுக்கே உரியதாயிருந்தது. ஒரு பாடகர் கொழும்புக்குச் சென்று வானொலி நிலையத்தின் வாசலிலே காத்திருக்க வேண்டும். 1982இல் குறுந்தட்டு விற்பனைக்கு வந்தது. 1983இல் இசைக்கருவிகளும் கணினிகளும் தம்முள் பேசிக்கொள்ளும் மிடி என்னும் பொதுமொழி வகுக்கப்பட்டது. 1989இல் இளைஞரான ஏ. ஆர். ரகுமான் சென்னையிலே தம் வீட்டோடு சேர்த்துப் பஞ்சதன் என்னும் ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். 1992இல் வெளிவந்த ரோஜா படத்தின் இசையை உலகம் கேட்டது. வீட்டிலிருந்தும் நல்லிசை பிறக்கும் என்பதற்கு நம்மவருக்கு வேறு சான்று வேண்டியதில்லை. 2000ஆம் ஆண்டு ஓடாசிற்றி என்னும் இலவச மென்பொருள் வெளியானது. இன்று அதைக் காசின்றி எவரும் தம் கணினியில் ஏற்றிக்கொள்ளலாம்.

சைக்கிளைக் கவிழ்த்து வைத்துத் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட 1990களின் தலைமுறையினர் இச்சபையில் அமர்ந்திருக்கின்றீர்கள். உங்களுக்குக் கருவி புதிதேயன்றி, இல்லாததைக் கொண்டு இருப்பதை இயக்கும் சாமர்த்தியம் புதிதன்று.

கணினி ஒலியை எவ்வாறு பிடிக்கின்றது? ஒலியலையின் உயரத்தை ஒரு வினாடிக்கு 44,100 தடவை அளந்து எண்களாக எழுதி வைக்கின்றது. மனிதச் செவி வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வு வரையே கேட்கும். கேட்கும் எல்லையின் இரு மடங்குக்கு மேல் அளந்தால் அலையை மீள வரையலாம் என்பது கணிதம். ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதினால் 65,536 படிகள் கிடைக்கும்; 24 பிட்டில் எழுதினால் ஒரு கோடியே அறுபத்தேழு இலட்சத்துக்கு மேற்பட்ட படிகள். பதிவுக்கு 24 பிட்டே நன்று.

இனிப் பழுதுக்கு வருவோம். வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் நம் கமக்காரர் என்ன செய்கின்றார்? வயலில் நின்று வானத்தைப் பார்ப்பதில்லை. குளத்துத் துருசிலிருந்து தொடங்கி, வாய்க்கால் வழியே நடந்து, எந்த இடம் வரை தண்ணீர் வருகின்றது, எந்த இடத்தில் நிற்கின்றது என்று பார்க்கின்றார். ஒலியும் அப்படியே. பாடகரின் வாய், ஒலிவாங்கி, கம்பி, ஒலியை எண்ணாக்கும் இடைமுகப் பெட்டி, யூ.எஸ்.பி. கம்பி, கணினி, மென்பொருள், காதில் மாட்டும் ஹெட்போன்: இதுவே நமது வாய்க்கால். ஒரு நேரத்தில் ஒன்றை மாத்திரம் மாற்றுக. மாற்றியபின் கேட்டுப் பார்க்குக. ஐந்து பொத்தானை ஒன்றாய்த் திருகியவர், பழுது தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்று அறியமாட்டார். மறுநாள் அதே பழுது வந்தால் மறுபடியும் இருட்டிலே தடவுவார்.

முதலாவது பழுது, ஒலியே வராமை. இடைமுகப் பெட்டியில் விளக்கு அசைகின்றதா என்று பார்க்குக. அசையவில்லையானால் பழுது பெட்டிக்கு முன்னே இருக்கின்றது. கண்டென்சர் வகை ஒலிவாங்கிக்கு 48 வோல்ட் மின்சாரம் கொடுத்தால்தான் உயிர் வரும். அந்தப் பொத்தானை அழுத்த மறப்பதே பெரும்பாலும் காரணம். மேடையில் கையிற் பிடித்துப் பாடும் வகைக்கு அது வேண்டியதில்லை. பெட்டியில் விளக்கு அசைந்தும் கணினியில் ஒலி இல்லையேல், மென்பொருளில் எந்த ஒலிவாங்கி தெரியப்பட்டிருக்கின்றது, கணினி அதற்கு அனுமதி அளித்திருக்கின்றதா என்று பார்க்குக. மடிக்கணினிக்குள்ளேயே ஒரு சிறு ஒலிவாங்கி உண்டு. நாம் நல்ல ஒலிவாங்கியின் முன் பாட, கணினியோ தன் சிறு காதாலே தூரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று: நல்ல ஒலிவாங்கியை நகத்தாலே மெல்லத் தட்டுக, பின் மடிக்கணினியின் ஓரத்தைத் தட்டுக. எதற்குத் திரையில் கோடு துள்ளுகின்றதோ அதுவே வேலை செய்கின்றது.

இரண்டாவது, ஊம் என்னும் இரைச்சல். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். வினாடிக்கு 50 சுழற்சி. அந்த ஐம்பதும் அதன் மடங்குகளுமே தம்புராவுக்குப் போட்டியாகச் சுருதி போடுகின்றன. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பார்க்குக. இரைச்சல் நின்றால் குற்றவாளி அகப்பட்டான்; பற்றரியிலேயே பதிவு செய்க. நில்லாவிடில் ஒலிவாங்கிக் கம்பியை மின்கம்பியிலிருந்து விலக்குக. கடந்தே ஆகவேண்டுமானால் குறுக்காகக் கடக்க விடுக, அருகருகே ஓடவிடாதீர்கள். எல்லாக் கருவிகளையும் ஒரே செருகியிலிருந்து இயக்குக. மூன்று முனைச் செருகிக் கம்பியையே வாங்குக. அதனுள் ஒரே ஒலி இரு கம்பிகளில் நேரும் எதிருமாகச் செல்கின்றது. வழியிலே புகும் இரைச்சல் இரண்டிலும் ஒரேபடியாய்ப் புகுவதால், மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க, இரைச்சல் அழிந்து பாட்டு எஞ்சுகின்றது. ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: இரைச்சலைப் போக்குவதற்காக எர்த் முனையை முறிக்கவோ துண்டிக்கவோ எவரும் துணியற்க. அது உயிர் காக்கும் கம்பி. வீட்டு எர்த் பழுதென்று தோன்றினால் தகுதிபெற்ற மின்பணியாளரை அழைக்க வேண்டும்.

மூன்றாவது, குரல் கரகரத்துச் சிதைதல். குளம் வான் பாய்ந்த பின் போன தண்ணீரைத் திருப்பிக் கொண்டுவர முடியுமா? கணினியின் அளவுக்கோட்டில் சுழியமே வான்மட்டம். அதைத் தாண்டிய ஒலியின் தலை வெட்டுண்டு போகும், வெட்டுண்டது மீளாது. ஆதலால் உச்ச ஒலி சுழியத்துக்குக் கீழே 12 டெசிபல் அளவில் நிற்குமாறு வைக்குக. சோதனைக்குப் பாடும்போது எவரும் மெதுவாகவே பாடுவர்; உண்மையில் பாடும்போது உணர்ச்சி மேலிட்டுக் குரல் ஓங்கும். மிருதங்கக்காரரைச் சோதிக்கும்போது அவருடைய பலத்த தீர்மானத்தையே வாசிக்கச் சொல்லுக.

நான்காவது, பிந்திக் கேட்டல். பாடகர் தம் குரலை ஹெட்போனில் கேட்கும்போது அது ஒரு கணம் பிந்தி வருகின்றது, தாளம் தடுமாறுகின்றது. கணினி எண்களை ஒவ்வொன்றாய்க் கையாள்வதில்லை. வாளி வாளியாக அள்ளுகின்றது. வாளியில் 2,048 அளவுகள் இருந்தால் அது நிரம்ப ஏறத்தாழ 46 மில்லி வினாடி செல்லும். காற்றிலே ஒலி அந்நேரத்தில் சுமார் 16 மீற்றர் செல்லும். அதாவது, பாடகரையும் மிருதங்கக்காரரையும் 16 மீற்றர் இடைவெளியில் இருத்திக் கச்சேரி செய்விப்பது போலாகும். 256 ஆகக் குறைத்தால் 6 மில்லி வினாடிக்கும் குறைவு. இரண்டு மீற்றர் தூரந்தான். ஒலி உள்ளே வரவும் வெளியே போகவும் வாளி நிரம்பவேண்டியிருப்பதால் உண்மையிலே தாமதம் இதனிலும் கூடும். வின்டோஸ் கணினியில் ஏசியோ என்னும் இயக்கியை அதை ஏற்கும் மென்பொருளோடு பயன்படுத்தினால் தாமதம் பெரிதும் குறையும். பெட்டியிலே நேரடிக் கேட்பு வசதி இருப்பின் இன்னும் எளிது; குரல் கணினிக்குட் புகாமலே காதுக்குத் திரும்பும்.

ஐந்தாவது, படபடவென்று பொரிதல். இது நான்காவதன் மறுபக்கம். வாளி மிகச் சிறிதானால் கணினி அள்ளி முடியுமுன் அடுத்தது வந்துவிடும். இடையிலே துண்டு விழும். பதியும்போது சிறிய வாளி, பதிந்தபின் சீர்செய்யும்போது பெரிய வாளி என்பதை விதியாகக் கொள்க. இணையத் தொடர்பை நிறுத்துக; வேறு செயலிகளை மூடுக; மின்சேமிப்பு முறையை அகற்றுக; தட்டில் இடம் நிறைந்திருந்தால் காலியாக்குக.

ஆறாவது, சுருதி மாறி ஒலித்தல். ஒருவர் 44,100இல் பதிந்ததை மற்றொருவர் கணினி 48,000 என்று எண்ணி ஒலித்தால் பாட்டு விரைந்து ஓடும். சுருதியும் ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் உயரும். ஷட்ஜம் சுத்த ரிஷபத்துக்கும் சதுசுருதி ரிஷபத்துக்கும் இடையே போய் நிற்கும். முதியவரின் குரல் சிறுவன் குரலாகக் கேட்டால் பாடகரை ஐயுறாதீர்கள். எல்லா இடத்திலும் ஒரே எண் இருக்கின்றதா என்று பார்க்குக.

ஏழாவது விசித்திரமானது. சுருதிப்பெட்டி ஒலிக்கின்றது, பதிவிலோ அது மெல்ல மெல்ல மறைகின்றது. மடிக்கணினியிலும் கைத்தொலைபேசியிலும் இரைச்சல் நீக்கும் வசதி ஒன்று தானாக இயங்குகின்றது. அது பேச்சுக்காகச் செய்யப்பட்டது. மாறாது தொடரும் ஒலி எதுவோ அதுவே இரைச்சல் என்பது அதன் கணக்கு. நமது இசைக்கோ மாறாத சுருதியே மாதா. ஆகவே அந்த வசதியை முற்றாக நிறுத்திவிடுக.

எட்டாவது, அறை. சீமெந்துச் சுவரும் தகரக் கூரையும் ஒலியைத் திருப்பி அடிக்கும். கிடுகு வேய்ந்த கொட்டில் இதற்கு மேலானது என்றால் நகைக்க வேண்டாம்; ஓலை ஒலியை விழுங்கும். நெல்மூட்டை அடுக்கிய அறை, மெத்தை சாய்த்த சுவர், கொடியிலே தொங்கும் கனத்த போர்வை, இவை போதும். மின்விசிறியை நிறுத்துக. நீரிறைக்கும் இயந்திரம் ஓயும் நேரத்தைத் தேர்க. மழைக்காலத்துத் தகரக் கூரையின் கீழ் எந்தக் கணினியாலும் பயனில்லை.

இனி, பாதுகாப்பு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அவற்றுள் வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் அடங்கும். 2009 வரை நடந்த போரிலே இடம்பெயர்ந்த குடும்பங்கள் விட்டுச்சென்ற பெட்டிகளில் எத்தனை கசற்றுகள், எத்தனை குரல்கள்! ஒரே ஒரு படி இருப்பது, இல்லாததற்கு அடுத்த நிலை என்பதை நம்மினும் நன்கு அறிந்தவர் எவர்? ஆதலால் மூன்று படி வைக்குக: ஒன்று கணினியில், ஒன்று தனித்தட்டில், ஒன்று வேறோர் ஊரிலோ இணையச் சேமிப்பிலோ. மூலத்தை வேவ் வடிவிலேயே காக்குக. எம்பி3 இடம் குறைப்பதற்காகச் சிலவற்றை எறிந்துவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் ஆவணமாக அனுப்புக. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிமத் திட்டம் நூல்களோடு ஒலிப்பதிவுகளையும் சேர்த்துக் காத்துவருகின்றது. அங்கும் ஒரு படி சேரட்டும். பதிவுக்குப் பெயரிடும்போது 'புதியது 1' என்று இடாதீர்கள். பாடியவர், ஊர், திகதி, பாட்டின் வகை, யாரிடம் கற்றார் என்பன வேண்டும். எல்லாவற்றுக்கும் முதலாகப் பாடியவரின் சம்மதம் வேண்டும்.

இளைஞர்களே, உங்களிடம் நாம் வேண்டுவது இதுவே. நால்வர் நால்வராகச் சேருங்கள். ஒரு குழுவுக்கு ஒரு பெட்டி, ஒரு ஒலிவாங்கி போதும். முதியவர் வருவதற்கு முதல்நாளே நீங்களே பாடிப் பதிந்து, நாம் சொன்ன எட்டையும் சோதித்து முடியுங்கள். அவர் வந்து அமர்ந்தபின் திரையை நோக்காதீர்கள். அவர் முகத்தை நோக்குங்கள். ஒரு வரியை மறந்தால் காத்திருங்கள், பதிவை நிறுத்தாதீர்கள். பெரியோர்களே, உங்களிடம் வேண்டுவது இன்னும் சிறிது: "எனக்குக் குரல் போய்விட்டது தம்பி" என்று சொல்லித் தட்டிக்கழிக்காதீர்கள். பிள்ளைகள் தேடி வருவது உங்கள் குரலின் இனிமையை மாத்திரமன்று. அக்குரல் மாத்திரமே அறிந்த மெட்டையும் தேடித்தான்.

அடுத்த ஆண்டு மலர் வெளிவரும்போது, அதனோடு நம் ஊர் முதியவர்களின் பாட்டுகள் கொண்ட தொகுப்பு ஒன்றும் வெளிவருமாயின், இன்றைய பேச்சுக்கு அதுவே பயன்.