ஒளியும் முகமும்

(காஞ்சிபுரம் வட்டாரத்துக் கிராம இளைஞர்களுக்கான நிழற்படப் பயிற்சியின் தொடக்க நாளன்று வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், தொகுப்பு வீடு என்று பேசிப் பழகிய நம்மை நிழற்படக் கலையைப் பற்றிப் பேச அழைத்திருக்கின்றீர்கள். இதில் வியப்பு ஒன்றும் இல்லை. இன்று வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் பேனாவுக்கு உள்ள வேலையைக் காட்டிலும் காமிராவுக்கு உள்ள வேலை மிகுதி. வீடு கட்டினால் அடித்தளத்தில் ஒரு படம், கூரை மட்டத்தில் ஒரு படம். 2023 சனவரி முதல் நூறு நாள் வேலைத் தளங்களில் தொழிலாளரை நாள்தோறும் இரு முறை படம் எடுக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. இவ்வாறு எடுக்கப்பட்ட படங்களை நாம் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கின்றோம். அவற்றில் ஏரிக்கரை இருக்கும், மண்வெட்டி இருக்கும், நாளும் நேரமும் அச்சாகி இருக்கும். ஆனால் முக்காட்டின் கீழ் இருக்கும் முகம் மட்டும் கரிய நிழலாக இருக்கும். வந்தவர் யார் என்று காட்டுவதற்காக எடுத்த படத்தில் வந்தவரைத்தான் காண முடிவதில்லை.

இதற்குக் காரணம் காமிராவின் குறையன்று, வேளையின் குறை. காஞ்சிபுரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12.8 பாகையில் உள்ளது. ஆகவே ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்டு நடுவிலும் நண்பகற் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்து நிற்கின்றான். ஊன்றிய கோலுக்கு நிழலே இராது. அப்பொழுது மனிதனுடைய புருவமே கண்ணுக்குக் கூரையாகி விடுகின்றது. கண்கள் இரு குழிகளாகத் தோன்றுகின்றன. அதே மனிதரைக் காலை ஏழு மணிக்கு நிறுத்திப் பாருங்கள். ஒளி பக்கவாட்டில் வருகின்றது. கன்னத்தின் மேடும் நெற்றியின் சுருக்கமும் தனித்தனியே தெரிகின்றன. ஒன்றும் இயலாவிட்டால் அவரைப் புளியமரத்து நிழலுக்காவது அழைத்துச் செல்லுங்கள். இவ்வளவு தெரிந்தாலே பாதிக் கலை கைவந்ததாகும்.

கல்லுக்கும் இதுவே விதி. நம் நகரின் மேற்கெல்லையில் உள்ள கைலாசநாதர் கோயிலை நீங்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். பலர் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்ததோடு சரி. இராஜசிம்மன் எனப்பெற்ற இரண்டாம் நரசிம்மவர்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மணற்கல்லால் எழுப்பிய கோயில் அது. சுற்றிலும் 58 சிற்றாலயங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கும் நடுக்கோயிலுக்கும் இடையே உள்ள நடைவழி குறுகலானது. காலை வெயில் அந்த இடுக்கில் இறங்கும்பொழுது தூணைத் தாங்கி எழும் சிங்கங்களின் மார்பில் பாதி ஒளியும் பாதி நிழலுமாக விழுகின்றது. நண்பகலில் சென்றால் அதே சிங்கங்கள் சுவரோடு ஒட்டித் தட்டையாகி விடுகின்றன. மூன்று விடியற்காலை செல்லாமல் அக்கோயிலைப் படம் எடுத்ததாக யாரேனும் சொன்னால் நாம் நம்புவதில்லை.

அச்சிற்றாலயங்களுக்குள்ளே சுண்ணாம்புப் பூச்சுக்குக் கீழே பல்லவர் காலத்து ஓவியங்கள் மறைந்திருந்ததை 1931-இல் கண்டு சொன்னவர் புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சுப் பேராசிரியர் ழூவோ துப்ரேய். அவருக்கு முன்பே தொல்லியல் துறையைச் சேர்ந்த அலெக்சாண்டர் ரீ காஞ்சிக் கோயில்களை அளந்து, வரைந்து, படம் எடுத்துப் பல்லவர் கட்டடக்கலை என்ற பெருநூலை 1909-இல் வெளியிட்டார். எஞ்சியுள்ள வண்ணத்தின் மீது பளிச்சென்று விளக்கை அடிக்காதீர்கள். முக்காலி வைத்து எடுப்பதாயின் தொல்லியல் துறையின் முன் அனுமதி வேண்டும். நம்மிடம் வந்து, “அரசு அலுவலர்தானே, ஒரு வார்த்தை சொல்லுங்கள்” என்று கேட்பதில் பயனில்லை.

ஊர் ஊராகச் சென்று படம் எடுப்பது இன்று கைப்பேசியால் எளிதாயிற்று. லின்னேயஸ் டிரைப் என்ற இராணுவ அலுவலரை 1856-இல் சென்னை மாகாண அரசு தன் நிழற்படக்காரராக நியமித்தது. மெழுகு தோய்த்த காகிதங்களையும் பெரும் மரப்பெட்டிகளையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர் திருவரங்கம், மதுரை, தஞ்சை என்று பயணம் செய்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பகுதியில் உள்ள கல்வெட்டுக்களை 1858-இல் அவர் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். சில ஆண்டுகளுக்குள் அவ்வேலை செலவு மிகுந்தது என்று நிறுத்தப்பட்டது. திட்டங்கள் பாதியில் நிற்பது நம் காலத்துப் புதுமையன்று என்பதை அறிந்து நாம் சற்று ஆறுதல் கொள்வதுண்டு.

நம் மாவட்டத்து உத்திரமேரூரிலும் அத்தகைய கல்வெட்டு இருக்கின்றது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும், குடவோலை முறையால் ஊர்ச் சபையைத் தேர்ந்தெடுத்த விதிகள் அங்கே சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன. ஊராட்சித் தலைவர்களை நாம் அங்கு அழைத்துச் செல்வது வழக்கம். நேரே நின்று எடுத்தால் எழுத்தும் கல்லும் ஒரே நிறமாகப் போய்விடும். ஒருவர் சுவரை ஒட்டினாற்போல் பக்கத்திலிருந்து கை விளக்கைப் பிடித்தால், ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முந்திய எழுத்து ஒவ்வொன்றும் குழிந்து நிழல் கட்டி எழுந்து நிற்கும்.

இனிப் பட்டுக்கு வருவோம். காஞ்சிப் பட்டைப் படம் எடுப்பது கல்லை எடுப்பதைவிடக் கடினம். பட்டு இழையை வெட்டிப் பார்த்தால் அது ஏறக்குறைய முக்கோண வடிவில் இருக்கும். ஆகவே ஒளியைப் பல பக்கமும் திருப்பி விடுகின்றது. பாவு ஒரு நிறமும் ஊடை வேறு நிறமுமாக நெய்த மயில்கழுத்துச் சேலை, நிற்கும் இடத்துக்கேற்ப ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் பச்சையாகவும் தெரியும். காமிரா விளக்கை நேரே அடித்தால் இரண்டும் செத்துப் போகும். சரிகை வெறும் வெள்ளைத் திட்டாகும். வாசற்கதவின் ஒளி போதும். ஓட்டுக் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு பதித்திருந்தால் அதைவிட நல்ல விளக்கு எந்த ஸ்டூடியோவிலும் கிடையாது. நிழல் விழும் பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தால் முகத்தின் மறுபாதியும் தெளியும்.

இவ்வளவு விவரமாகப் பேசும் நாம் இவற்றைப் பிழை செய்துதான் கற்றோம். அந்தப் பிழையையும் இங்குச் சொல்லிவிடுவது முறை.

2012-இல், பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில், புதிதாக வாங்கிய காமிராவோடு ஒரு நெசவாளர் வீட்டுக்குச் சென்றோம். கணவர் குழித்தறியில் அமர்ந்திருந்தார். கோர்வைச் சேலை, உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். அத்தகைய சேலையை ஒருவர் தனியே நெய்ய இயலாது. மறுபக்கத்துக் கரையின் நாடாவைச் செலுத்த இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர் அவருடைய மனைவி. நாம் தறிக்குப் பின்னால் நின்று, வாசலை எதிர்நோக்கிப் படம் எடுத்தோம். வெளிச்சம் முழுவதும் சேலையின் மேலும் அவ்வம்மையாரின் வலக்கையின் மேலும் விழுந்தது. முகம் இருளில் மூழ்கிற்று. அதை நாம் அன்று கவனிக்கவே இல்லை. சேலை நன்றாக வந்திருக்கின்றது என்று மகிழ்ந்தோம்.

புறப்படும்பொழுது அவர், “எனக்கு ஒரு படம் குடுப்பீங்களா சார்?” என்று கேட்டார். “அடுத்த வாரமே கொண்டு வருகிறேன் அம்மா” என்றோம். அந்தப் படம் ஒரு கண்காட்சிக் கையேட்டில் அச்சாயிற்று. அதன் கீழே ‘நெசவாளியும் உதவியாளரும்’ என்று இருந்தது. அவ்வாசகத்தை எழுதிக் கொடுத்தவரும் நாமே. பலர் பாராட்டினர். பின்பு மாறுதல் வந்தது. வேறு வட்டாரத்துக்குப் போனோம். படம் அவர் வீட்டுக்குப் போகவில்லை.

ஆறு ஆண்டுகள் கழித்து வீட்டு மனு ஒன்றோடு வந்த இளைஞர் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர்களுடைய மகன் அவர். “அம்மா மாசியில தவறிட்டாங்க சார். வாக்காளர் அட்டைப் படத்தைத் தவிர வேற படமே இல்லை. நீங்க அன்னைக்கு எடுத்தீங்களே, அது இருக்குதா?” என்றார். தேடினோம். படங்களைச் சேர்த்து வைத்திருந்த கணிப்பொறி எப்பொழுதோ பழுதடைந்து எறியப்பட்டிருந்தது. கையேட்டின் ஒரு பிரதி மட்டும் அலமாரியில் அகப்பட்டது. தீப்பெட்டி அளவு படம். ஸ்டூடியோவில் பெரிதாக்கச் சொன்னோம்; புள்ளி புள்ளியாக வந்தது. முகம் இருட்டாகவே இருந்தது. அவர் அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். “கை அம்மா கைதான் சார்” என்று மட்டும் சொல்லி எடுத்துச் சென்றார்.

அன்று முதல் நாம் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டிருக்கின்றோம். ஒரு முகத்தை எடுத்தால், பதினைந்து நாட்களுக்குள் காகிதத்தில் அச்சிட்ட படம் அந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும். கைப்பேசியில் அனுப்பினேன் என்று சொல்லித் தப்பக் கூடாது. கைப்பேசி மாறும், எண் மாறும். சுவரில் மாட்டிய படம் இருக்கும். இப்பயிற்சியில் நீங்கள் எடுக்கும் முகப்படங்களுக்கும் இதே நிபந்தனை. அதற்காகும் செலவைக் கணக்கில் சேர்த்தே வைத்திருக்கின்றோம்.

பழங்காலத்து ஸ்டூடியோக்காரர்கள் இதில் நம்மைவிட நேர்மையானவர்கள். திரையில் தீட்டிய மாளிகைப் படிக்கட்டுக்கு முன்னே நாற்காலி போட்டு அமர்த்தி, தலையை நிமிர்த்தி, மூச்சை அடக்கச் சொல்லி எடுத்தார்கள். அட்டையில் ஒட்டிக் கையில் கொடுத்தார்கள். அத்தகைய தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவித் திட்டத்தின் கீழ்த் தேடிச் சேர்த்து எண்ம வடிவில் காத்து வருகின்றனர். தேர்தல் ஆணையம் 1993-இல் படத்தோடு கூடிய வாக்காளர் அட்டையைக் கொண்டு வந்தது. கிராமத்து முதியோர் பலருக்கு வாழ்வில் எடுத்த முதல் தனிப்படம் அதுவே. சிலருக்குக் கடைசிப் படமும் அதுவே.

அதே பிரெஞ்சு நிறுவனம் 1955-இல் தோன்றியதிலிருந்து தென்னாட்டுக் கோயில்களை ஊர் ஊராகப் படம் எடுத்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைச் சேர்த்து வைத்துள்ளது. இதன் பயனை விருத்தாசலம் கண்டது. அங்கிருந்து களவு போன அர்த்தநாரீசுவரர் சிலை ஆஸ்திரேலியாவின் அருங்காட்சியகம் ஒன்றில் இருந்தது. கோயிலில் அச்சிலை இருந்தபொழுது எடுத்த பழைய படம் சான்றாயிற்று. 2014 செப்டம்பரில் சிலை திரும்பியது. காஞ்சிப் பகுதியிலிருந்து 1920-களில் வெளியேறிய யோகினி சிற்பங்களோ இலண்டன், பாரிஸ், வாஷிங்டன் என்று பிரிந்து கிடக்கின்றன. ஆகவே உங்கள் ஊர்க் கோடியில் வெயிலில் கிடக்கும் ஐயனாரையும் நடுகல்லையும் நாள் குறித்துப் படம் எடுத்து வையுங்கள். கோயிலுக்குள்ளே மட்டும் ஆர்வத்தை அடக்குங்கள். கோயில்களில் கைப்பேசியைத் தடை செய்யும்படி 2022 டிசம்பரில் உயர்நீதிமன்றம் ஆணையிட்டிருக்கின்றது.

அத்திவரதர் 2019-இல் குளத்திலிருந்து எழுந்தருளிய 48 நாட்களில் நகரில் கூடிய கூட்டத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1979-இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களை அப்பொழுது எத்தனை பேர் ஆவலோடு தேடினார்கள்! அடுத்தது 2059. உங்களில் பலருக்கு அப்பொழுது ஐம்பதைத் தாண்டியிருக்கும். 2019-இல் எடுத்த படங்கள் எங்கே என்று இன்றே வீட்டில் கேட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் தொலைந்திருக்கும்.

நாளைக் காலை ஐந்தரை மணிக்குப் பிள்ளையார்பாளையத்தில் கூடுவோம். அது மாநகராட்சிக்கு உட்பட்ட இடம். நம் வட்டாரத்தில் சேராது. எனினும் தெருவில் பாவு விரிக்கும் நெசவாளர்களிடம் முன்பே சொல்லி இசைவு பெற்றிருக்கின்றோம். வெயில் ஏறுமுன் அவர்கள் வேலையை முடித்தாக வேண்டும். நமக்காக ஒரு நிமிடமும் நிற்க மாட்டார்கள், நிற்கவும் சொல்லக் கூடாது. பாவுக்குக் குறுக்கே எவரும் போகாதீர்கள். முதல் அரைமணி நேரம் காமிராவைப் பையிலேயே வைத்திருங்கள். கிழக்கே எந்தச் சந்தின் வழியாக ஒளி வருகின்றது, அது எந்த வீட்டுத் திண்ணையில் முதலில் விழுகின்றது என்று பாருங்கள். ஆளுக்கு ஒரு சிறு நோட்டுப் புத்தகம் கொண்டு வர வேண்டும். எடுக்கும் ஒவ்வொரு முகத்துக்கும் பெயரும் வீட்டு எண்ணும், அவர் செய்யும் வேலை இன்னதென்று அவரே சொல்லும் சொல்லும் அதில் எழுதப்பட வேண்டும்.